‘இர்ரெகுலர்’ என்று எழுதுமுன்: புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், அப்பிரிவுகளுக்கு ஆளும் நிதியும் ஒதுக்கும் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை அட்டை இருக்கிறது. சட்டைப் பையில் வைத்து வைத்து மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய பச்சை அட்டை. அதில் 35 கட்டங்கள், 35 தேதிகள், ஒவ்வொன்றின் கீழும் யாரோ ஒருவருடைய சுருக்கொப்பம். தொடர்ந்து வந்திருக்க வேண்டிய தேதிகளுக்கு நடுவே, நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள், 8 நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன. அந்த இடத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘இர்ரெகுலர்’ என்ற ஒற்றைச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. என் கணவரின் மனத்துக்கு அந்த மூன்று வாரங்களில் நேர்ந்ததைப் பற்றி அந்த அட்டையில் இருக்கும் ஒரே குறிப்பு அதுதான்.

நான் 29 ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் அல்லள். புற்றுநோயாளியின் மனச்சோர்வுக்கும் அவருடைய ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை, என் கணவர் போன பிறகு, ஒரு பழைய பாடத்தை மீண்டும் படிப்பதுபோல் படித்தேன். எந்த மருத்துவமனையையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சிகிச்சை பெற்ற இடத்தின் பெயரை நான் எங்கும் சொன்னதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: எடையையும் ரத்த அணுக்களையும் வாரந்தோறும் பார்த்துக் குறித்துக்கொள்ளும் நீங்கள், மனச்சோர்வையும் அதே அட்டையில், அதே ஒழுங்கோடு பார்க்க வேண்டும்.

என் கணவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். தொண்டையில் புற்று என்று தெரிந்து, கதிர்வீச்சுக்கு முதல் நாள் போனபோது, வரிசையில் பக்கத்திலிருந்த அம்மா “நீங்களும் கரண்ட் வைக்கத்தான் வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். நம் ஊரில் கதிர்வீச்சுக்குக் ‘கரண்ட்’ என்றுதானே பெயர்! அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “முப்பத்தாறு வருஷம் கரண்டோட குடித்தனம் பண்ணினவன், கடைசியில எனக்கே கரண்டு வைக்கிறாங்க பாருங்க டீச்சரம்மா” என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வெந்நீரில் இளக்கி முகத்தோடு ஒட்டி வார்த்த வலைமுகமூடியைப் போட்டு அவரை மேசையோடு பூட்டிவிடுவார்கள். வெளியே வரும்போது நெற்றியில் அதன் சதுரத் தடம் பதிந்திருக்கும். அதைக்கூட முதல் இரண்டு வாரம் “மீட்டர் பாக்ஸ் மூடி” என்று கேலி செய்தார்.

மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண்ணானது. நான்காம் வாரம் மூக்குவழிக் குழாய் வந்தது. கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிச் சிரிஞ்சில் ஏற்றிச் செலுத்துவேன். கஞ்சி இறங்குவதைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேலி எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, நின்றுவிட்டது என்பது மட்டும் ஒரு காலையில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் “இன்னிக்கு வேண்டாம்” என்று சைகை காட்டி ஆட்டோவைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். வலிக்கு மாத்திரை இருந்தது. குமட்டலுக்கு ஊசி இருந்தது. அவரைப் படுக்கையை விட்டு எழவிடாமல் செய்தது இவை இரண்டும் அல்ல என்று எனக்குத் தோன்றியது.

அதை ஒரு இளம் மருத்துவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அன்று அவர் முன்னால் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதையும் நான் பார்த்தேன். கணவரின் தோளைத் தட்டி, “தைரியமா இருங்கய்யா. நீங்க மனசு வச்சாத்தான் மருந்து வேலை செய்யும்” என்றார். பேச முடியாத நாட்களில் என் கணவர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறம் எழுதிக் காட்டுவார். அன்றிரவு எழுதிய தாளும் அட்டையோடு இழுப்பறையில் இருக்கிறது: “மனசு வைக்கத்தான் முடியல. அப்ப தப்பு என்னோடதா?”

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும். நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதலுக்கு நேர் எதிரான பதில் அது என்பதால்தான் மடல் நீள்கிறது.

முதலில், தொடர்பு இருப்பது உண்மை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ள புற்றுநோயாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு வரையும், மருத்துவர் நேரில் ஆராய்ந்து மனச்சோர்வு நோய் என்றே உறுதி செய்தவர்களில் 39 விழுக்காடு வரையும் கூடுதலாக இருந்தது. இது நூறு பேரில் 25 பேர் அதிகம் இறப்பார்கள் என்பதன்று. மனச்சோர்வு இல்லாத நூறு பேரில் ஒரு கால அளவில் 40 பேர் இறந்தால், அது உள்ள நூறு பேரில் 50 பேர் என்பதுபோன்ற கணக்கு. நோயின் நிலை போன்ற தெரிந்த காரணிகளைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வேறுபாடு தேய்ந்துவிடவில்லை. அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று: புற்று வளர்வதற்கும் பரவுவதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தென்படவில்லை; இறப்போடுதான் தொடர்பு தென்பட்டது.

இனி நான் என் மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொன்னதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். கோழி கூவியா பொழுது விடிகிறது? நோய் முற்றியவருக்கு உடல் நலிவு அதிகம்; நலிந்தவர் மனம் சோர்வதும் அதிகம். அவர் விரைவில் இறந்தால் காரணம் சோர்வா, அதற்கு முன்பே இருந்த நோயின் கடுமையா என்று பிரிப்பது எளிதன்று. பசியின்மை, தூக்கமின்மை, எடைக் குறைவு, களைப்பு ஆகிய நான்கும் மனச்சோர்வின் அறிகுறிகள். நான்கும் கீமோவின் விளைவுகளும்கூட. என் கணவரின் நோயினத்திலேயே எனக்கு ஒவ்வாத முடிவொன்று இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுள்ள 1,093 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சைத் தொடக்கத்தில் அவர்கள் சொன்ன மனநலத்துக்கும் ஆயுளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்கு வேண்டாத முடிவு என்பதற்காக அதை நான் மறைத்தால், 29 ஆண்டுகள் வாங்கிய சம்பளம் தண்டம்.

‘மனசு வைப்பது’ பற்றியும் ஆய்வு இருக்கிறது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனைக் குழு மார்பகப் புற்றுள்ள 578 பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999-இல் வெளியிட்டது. நோயை எதிர்த்து நிற்பேன் என்ற போராட்டக் குணம் ஆயுளை நீட்டியதாக அதில் தெரியவில்லை. இனி ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையின்மையும் மனச்சோர்வும் கடுமையாக இருந்தவர்களுக்கு மட்டும் ஆயுள் குறைந்திருந்தது. தைரியம் மருந்தன்று, ஆனால் மனம் ஒடிந்து கிடப்பது கவனிக்க வேண்டிய நோய். நம் மருத்துவமனைகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். தைரியத்தை எல்லோருக்கும் இலவசமாக எழுதிக் கொடுக்கிறோம், ஒடிந்து கிடப்பவரை ‘இர்ரெகுலர்’ என்று எழுதுகிறோம்.

மனத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் ஆயுள் நீளுமா என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுள்ள 86 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரந்தோறும் கூடிப் பேசவைத்தார். கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக 1989-இல் அவர் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே முறையைக் கனடாவில் 235 பெண்களிடம் செய்து பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள்: கூடிப் பேசியவர்கள் 17.9 மாதம், மற்றவர்கள் 17.6 மாதம். மனநிலை தேறியது, வலியின் உணர்வு குறைந்தது, ஆயுள் அப்படியே இருந்தது. ஸ்பீகலே மீண்டும் 125 பெண்களிடம் செய்த ஆய்விலும் 2007-இல் அதே முடிவுதான் வந்தது. அதை அவர் மறைக்காமல் வெளியிட்டார் என்பதில் அவர்மீது எனக்கு மரியாதை கூடியது. அந்த 125 பேரிலேயே, முதலாண்டில் மனச்சோர்வு குறைந்துவந்தவர்களில் பாதிப்பேர் 53.6 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள், கூடிவந்தவர்களில் பாதிப்பேர் 25.1 மாதம்தான் என்று 2011-இல் இன்னொரு கணக்கு வந்தது. இதுவும் தொடர்பே அன்றிக் காரணம் அன்று. ஸ்காட்லாந்தில் மனச்சோர்வுக்கு முறையான சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளை நெடுநாள் தொடர்ந்து பார்த்தவர்களும், ஆயுள் நீண்டதாக நிறுவ முடியவில்லை என்றே 2018-இல் எழுதினார்கள்.

ஆகவே, மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால் புற்றுநோயாளி கூடுதல் காலம் வாழ்வார் என்று உங்களிடம் வாக்குறுதி கேட்க நான் வரவில்லை. யாராலும் இன்று அதைக் கொடுக்க முடியாது. அப்படியானால் எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். அதற்கு அட்டையின் அந்த எட்டு நாட்களுக்குத் திரும்ப வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மொத்தச் சிகிச்சைக் காலம் நீளக் கூடாது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமே தவிர, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதன்று. இடைவெளி விழும்போது எஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. காலம் ஒரு நாள் நீள்வதற்குக் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குறைகிறது என்பது துறையில் நெடுங்காலமாகப் பேசப்படும் கணக்கு. ஏழு வாரச் சிகிச்சை எங்களுக்கு எட்டரை வாரத்துக்கு மேல் ஆனது. இயந்திரம் பழுதாகி ஒரு நாள் நின்றால் அதை எப்படி ஈடுகட்டுவது என்று இயற்பியலாளரோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறீர்கள். அதே ஒரு நாள் ஒரு மனிதர் எழுந்து வர முடியாமல் போனதால் போனால், அதற்குக் கணக்கும் இல்லை, ஆளும் இல்லை.

மனச்சோர்வு உயிரைத் தொடும் வழிகளில் கண்ணுக்கு நேரே தெரிவது இதுதான். பல நோய்களை ஒருங்கே ஆராய்ந்த 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன சிகிச்சையைக் கடைப்பிடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று கண்டது. இத்தாலியில் மார்பகப் புற்று அறுவைக்குப் பின் கீமோ பரிந்துரைக்கப்பட்ட பெண்களில், மனச்சோர்வு இல்லாதவர்களில் 92 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டார்கள். உள்ளவர்களில் 51 விழுக்காட்டினர் மட்டுமே. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் உயிரணுவின் உள்ளே என்ன செய்கிறது, எதிர்ப்பாற்றல் எப்படிக் குறைகிறது என்ற ஆராய்ச்சிகள் நடக்கட்டும், நல்லது. ஆனால் ஆட்டோவைத் திருப்பி அனுப்பும் கையைக் கவனிக்க நுண்ணோக்கி வேண்டியதில்லை.

மறுபக்கம், மனச்சோர்வு தீர்க்கக்கூடியது. இதில் ஆய்வுகள் எனக்கு ஐயம் வைக்கவில்லை. ஸ்காட்லாந்து ஆய்வைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மால் செய்யக்கூடியது அது. அங்கே புற்றுநோய்ச் செவிலியர்களுக்கே தனிப் பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவர் மேற்பார்வையில் நோயாளிகளோடு உட்காரவைத்தார்கள். கடும் மனச்சோர்வு உள்ள 500 பேரில், இந்த முறையில் பார்க்கப்பட்டவர்களில் 62 விழுக்காட்டினருக்கு 24 வாரத்தில் சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான முறையில் விடப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினருக்கு மட்டும். 2014-இல் இது வெளிவந்தபோது கூடவே வந்த இன்னொரு கணக்கு, அங்கே மனச்சோர்வுள்ள புற்றுநோயாளிகளில் 73 விழுக்காட்டினர் அதற்கென்று பயன்தரும் சிகிச்சை எதையும் பெறவில்லை என்றது. எல்லோருக்கும் அரசே மருத்துவம் பார்க்கும் நாட்டில் அந்த நிலை. நம் ஓ.பி. வரிசைகளை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை.

தலை, கழுத்துப் புற்றிலோ வருமுன் காப்பதற்கே வழி கண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு இன்னும் வராத நோயாளிகள் 148 பேரில் ஒரு பிரிவினருக்குச் சிகிச்சையோடு சேர்த்தே எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். மனச்சோர்வு வந்தது அவர்களில் 10 விழுக்காட்டினருக்கு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கு. இது 2013-இல் வந்த அமெரிக்க ஆய்வு. எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்பதன்று என் வாதம். நாலில் ஒருவருக்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்த ஒன்றை எதிர்பார்த்து நிற்க வேண்டாமா என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அந்தக் காலண்டர் தாளுக்கான நேர்ப் பதில். தோல் புற்றுக்கு, உடலில் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போடப்பட்டவர்களில், முன்கூட்டியே மருந்து கொடுக்கப்படாத பிரிவில் 45 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை முன்கூட்டிப் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு வந்தது. 2001-இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியது, 40 பேர்தான். ஆனால் நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒருவரை ஓர் ஊசி சில வாரங்களில் மனமொடிய வைக்கும் என்றால், அங்கே மனசு வைத்ததும் வைக்காததும் எங்கே வந்தது? உடலில் அழற்சி மிகுந்தால் மூளை சோர்கிறது. தப்பு அவருடையது இல்லை என்று எனக்கு அன்றிரவே தெரிந்திருந்தால் நான் அதை எழுதிக் காட்டியிருப்பேன்.

சொல்லத் தயங்கினாலும் விட்டுவிட முடியாத ஒன்று. ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், புற்றுநோய் என்று அறிந்த முதல் வாரத்தில் தற்கொலைக்கான வாய்ப்பு புற்றுநோய் இல்லாதவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. முதலாண்டு முழுவதும் மூன்று மடங்கு. நோய் இன்னதென்று சொல்லும் அறையில் 14416 என்ற மனநல உதவி எண் எழுதிய ஒரு தாளாவது சுவரில் இருக்கட்டும். தமிழில் பேச அங்கே ஆள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தச் செய்தி சொல்லப்படும் விதமே தனிக் கதை. “அவர்கிட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டார்” என்று மகனோ மருமகளோ வாசலில் மறித்துக் கேட்பார்கள். நீங்களும் பல நேரம் இசைந்துவிடுகிறீர்கள். எல்லோரும் தன்னைச் சுற்றிக் கிசுகிசுப்பதைப் பார்த்தே நோயாளி புரிந்துகொள்கிறார். ஆனால் தனக்குத் தெரியும் என்று சொன்னால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் நடிக்கிறார். ஒரே வீட்டில் ஆளாளுக்கு ஒரு நாடகம். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தத் தனிமையை யாரிடம் சொல்வது? ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை நம் நோயாளி எவரும் பயன்படுத்த மாட்டார். “மனசே சரியில்ல”, “எதுலயும் ஒரு பிடிப்பு இல்ல”, “போதும்னு இருக்கு” என்பார்கள். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபிப்பார்கள், அது பெரும்பாலும் வேறு கட்டடத்தில், வேறொரு சீட்டு வாங்கி, வேறொரு வரிசையில் நிற்க வேண்டிய இடமாகவும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. கடந்த இரண்டு வாரங்களில் மனம் தாழ்ந்து கிடந்ததா, எதிலாவது பிடிப்பு இருந்ததா என்ற இரண்டு கேள்விகள் உலகெங்கும் முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுகின்றன. பசியையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்காததால், கீமோவின் களைப்பையும் மனத்தின் களைப்பையும் போட்டுக் குழப்பாத கேள்விகள் அவை. எடை பார்க்கும் செவிலியரே அவற்றைக் கேட்டு, எடைக்கு அடுத்த கட்டத்தில் குறிக்கலாம். பதிவு செய்யும் நாளிலும், கதிர்வீச்சின் மூன்றாம் வாரத்திலும் கட்டாயம் கேட்கலாம். குறித்துவிட்டு மேலே ஒன்றும் செய்யாவிட்டால் அதில் பயனில்லை என்பதால், வாரத்தில் ஒரு நாளாவது மனநல மருத்துவர் புற்றுநோய்ப் பிரிவிலேயே வந்து உட்கார வேண்டும், நோயாளி வேறு கட்டடத்துக்கு அலையக் கூடாது. ஒரு நாள் கதிர்வீச்சுக்கு வராதவரை அன்று மாலைக்குள் யாராவது தொலைபேசியில் அழைத்து ‘ஏன்’ என்று கேட்க வேண்டும், அதட்டலாக அல்லாமல்.

மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குப் பராக்செட்டின் எழுதினால் டமாக்சிஃபெனின் பலன் உடலில் குறைகிறது என்பதும், அப்படிச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் மார்பகப் புற்று இறப்பு கூடியதாகக் கனடாவின் ஒன்டாரியோவில் 2010-இல் கண்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனநல மருத்துவர் தனிக் கட்டடத்தில், கையில் பழைய சீட்டு இல்லாமல் மருந்து எழுதும் முறையில் இதைத் தடுப்பது யார்? இரண்டு துறையினரும் ஒரே அட்டையைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

துறை அதிகாரிகளுக்குத் தனியே ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. கீமோவும் கதிர்வீச்சும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும்போது, அந்தத் தொகுப்பிலேயே மனநல ஆலோசனையும் அடங்கினால் மருத்துவமனைக்கும் அதைச் செய்ய ஊக்கம் இருக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து வலித்தணிப்புச் சிகிச்சை பார்க்கிறார்கள். அவர்கள் பையில் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்ப்பதற்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. எனவே இது நம் மண்ணில் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் இருப்பது மற்ற மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு எப்போது வரும் என்பதே கேள்வி.

உங்கள் நெருக்கடியை நான் அறியாதவள் அல்லள். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது என்ற நிலையில் ‘மனத்தையும் பாருங்கள்’ என்று வெளியிலிருந்து எழுதுவது எளிது. அதனால்தான் மருத்துவரின் நேரத்தை நான் கேட்கவில்லை. என் கணவரிடம் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் மருத்துவர் அல்லர். ஆறாம் வாரத்தில் ஒரு நாள், முகமூடியைப் பூட்டப்போன தொழில்நுட்பப் பணியாளர், அவர் மின்வாரியத்துக்காரர் என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தவர், கையை எடுத்துவிட்டு, “ஐயா, அடிக்கடி சப்ளை கட்டாகுதே, லைன்ல எங்க ஃபால்ட்டு?” என்று கேட்டார். என் கணவர் வெகுநேரம் அழுதாராம். வெளியே காத்திருந்த எனக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று விளங்கவில்லை. அந்தப் பணியாளரே மறுநாள் எங்களை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது உடனே வேலை செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஒரு நாளும் விடாமல் வந்து மீதிக் கட்டங்களை முடித்தார். நாலைந்து வாரம் கழித்துச் செய்தித்தாளைக் கேட்டார். குழாய் எடுத்த மாதம் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்து மேசையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்.

சிகிச்சை முடிந்து 22 மாதங்கள் இருந்தார். அந்த எட்டு நாட்கள் விடுபடாமலிருந்தால் இன்னும் எத்தனை மாதம் என்று என்னிடம் கேட்டால், தனியொரு மனிதரின் ஆயுளைச் சராசரியிலிருந்து கணக்கிட முடியாது என்று வகுப்பில் சொன்ன பதிலைத்தான் சொல்வேன். மாத்திரை அவருக்கு ஒரு நாளையாவது கூட்டியதா என்பதும் தெரியாது. அந்த 22 மாதங்களில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அட்டையின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்; பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டிருக்கின்றன. எடைக் கட்டத்துக்கும் ரத்த அளவுக் கட்டத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு கேள்விகளுக்கு அந்த இடம் போதும். அடுத்த முறை அட்டை அச்சுக்குப் போகும் தேதியைத் தெரிவித்தால், கேள்விகளை எளிய பேச்சுத் தமிழில் எழுதித் தருவதற்கும், முதலாண்டில் சேரும் விடைகளைத் தொகுத்துக் கணக்கிட்டுத் தருவதற்கும் நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை,
மதுரை மாவட்டம்